பிளைனை குவென்ட்: ஒரு கோட்டைத் தொகுதியின் கதை

'இது எங்கள் கோட்டை' என்று ஒரு கட்சி ஒரு தொகுதியைப் பற்றிச் சொல்வதை நாம் அடிக்கடி கேட்கிறோம். யாரை நிறுத்தினாலும் வெற்றி உறுதி என்பது அதன் பொருள். அத்தகைய தொகுதியில் வாழும் வாக்காளருக்கு உண்மையில் என்ன அதிகாரம் இருக்கிறது? முடிவு முன்கூட்டியே தெரிந்த தேர்தலில் அவர் இடும் வாக்குக்கு என்ன மதிப்பு? வாக்குகளை எண்ணும் முறை மாறினால் அந்த மதிப்பும் மாறுமா? இக்கேள்விகளுக்கு விடை காண, பிரிட்டனின் மேற்குப் பகுதியில் உள்ள வேல்ஸ் நாட்டின் ஒரு சிறு தொகுதியை எடுத்துக் கொள்வோம். அதன் பெயர் பிளைனை குவென்ட்.

நிலமும் மக்களும்

'பிளைனை' என்ற வேல்ஸ் மொழிச் சொல்லுக்குப் பள்ளத்தாக்குகளின் தலைப்பகுதி, அதாவது ஆறுகள் தோன்றும் மேட்டு நிலம் என்று பொருள். குவென்ட் என்பது தென்கிழக்கு வேல்ஸின் பழம் பெயர். டிரெடீகர், எபு வேல், பிரின்மார், அபர்டிலெரி முதலிய ஊர்கள் இத்தொகுதியில் அடங்கியிருந்தன. குறுகிய பள்ளத்தாக்குகளில் ஆற்றை ஒட்டி வரிசை வரிசையாகத் தொழிலாளர் வீடுகள், மேலே மொட்டைக் குன்றுகள், மண்ணுக்கடியில் நிலக்கரி. வாக்காளர் தொகை ஏறத்தாழ ஐம்பதாயிரமாக இருந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே இரும்பு உருக்கும் தொழில் வேரூன்றியது. பின்னர் நிலக்கரிச் சுரங்கங்கள் பெருகின. சுரங்கத்தில் உயிருக்கு உறுதியில்லை. 1960-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் நாள் அபர்டிலெரிக்கு அருகில் உள்ள சிக்ஸ் பெல்ஸ் சுரங்கத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் 45 தொழிலாளர் மாண்டனர். ஆபத்தைப் பகிர்ந்து கொண்டவர்கள் வாழ்வையும் பகிர்ந்து கொண்டனர். தொழிற்சங்கம், நூலகம், மருத்துவ உதவிச் சங்கம் என அனைத்தையும் தாங்களே அமைத்துக் கொண்டனர். டிரெடீகர் ஊரின் மருத்துவ உதவிச் சங்கத்துக்குத் தொழிலாளர் தம் கூலியில் ஒரு சிறு பங்கைக் கொடுத்தனர். அதற்கு ஈடாக அவர்களுக்கும் குடும்பத்தினருக்கும் மருத்துவ வசதி கிடைத்தது. இத்தகைய மக்களிடையே தொழிற்கட்சி வேர்விட்டதில் வியப்பில்லை.

பெவன் விட்டுச் சென்ற மரபு

இன்றைய பிளைனை குவென்ட் பகுதியின் பெரும்பகுதி முன்னர் எபு வேல் என்ற நாடாளுமன்றத் தொகுதியாக இருந்தது. 1929-இல் அங்கிருந்து அனைரின் பெவன் தேர்ந்தெடுக்கப்பட்டார். இவர் டிரெடீகரில் பிறந்து, பதின்மூன்று வயதில் பள்ளியை விட்டுச் சுரங்கத்துக்குச் சென்றவர். 1931-இல் தொழிற்கட்சி நாடெங்கும் படுதோல்வி கண்டபோது, எபு வேலில் பெவனை எதிர்த்து நிற்கவே ஆள் இல்லை. அவர் போட்டியின்றித் தேர்வானார். 1939-இல் கட்சித் தலைமையுடன் முரண்பட்டுச் சில மாதங்கள் கட்சியிலிருந்து விலக்கப்பட்டும் இருந்தார். போருக்குப்பின் நலத்துறை அமைச்சராகி, 1948 ஜூலை 5-ஆம் நாள் பிரிட்டனின் தேசிய மருத்துவப் பணியைத் தொடங்கி வைத்தார். டிரெடீகர்ச் சங்கத்தில் அவர் கண்ட அனுபவமே நாடளாவிய திட்டமாக விரிந்தது எனலாம்.

1960-இல் பெவன் மறைந்தார். இடைத்தேர்தலில் வென்ற மைக்கேல் ஃபுட், பிற்காலத்தில் தொழிற்கட்சியின் தலைவரானார். 1983-இல் எல்லைகள் மாற்றப்பட்டுத் தொகுதி பிளைனை குவென்ட் என்ற பெயர் பெற்றது. ஃபுட் 1992 வரை அதன் உறுப்பினராக இருந்தார். பின்னர் வந்த லெவ் ஸ்மித் 1997-இல் 28,000-க்கும் மேற்பட்ட வாக்கு வேறுபாட்டில் வென்றார். வேல்ஸில் மட்டுமன்றிப் பிரிட்டன் முழுவதிலுமே தொழிற்கட்சியின் உறுதியான தொகுதிகளுள் இது ஒன்றாகக் கருதப்பட்டது.

வேல்ஸுக்கு ஒரு மன்றம்

1997 செப்டம்பர் 18-ஆம் நாள், வேல்ஸுக்குத் தனி மன்றம் வேண்டுமா என்று மக்களின் கருத்து கேட்கப்பட்டது. வேண்டும் என்றோர் 5,59,419 பேர். வேண்டாம் என்றோர் 5,52,698 பேர். வேறுபாடு வெறும் 6,721 வாக்குகள். பிளைனை குவென்ட் மாவட்டம் வேண்டும் என்ற பக்கமே நின்றது. இவ்வளவு சிறிய வேறுபாட்டில் பிறந்த மன்றம் 1999 மே மாதத்தில் முதல் தேர்தலைக் கண்டது. 2020-இல் அது 'செனெத்' என்று பெயர் மாற்றம் பெற்றது. வேல்ஸ் மொழியில் இச்சொல்லுக்கு ஆட்சி மன்றம் என்று பொருள்.

2026 மே மாதத் தேர்தல் வரை மன்றத்தில் 60 உறுப்பினர் இருந்தனர். இவர்களுள் 40 பேர் தொகுதிகளிலிருந்து வந்தனர். தொகுதியில் யார் அதிக வாக்குப் பெறுகிறாரோ அவரே வென்றவர். நம் நாட்டுச் சட்டமன்றத் தேர்தலிலும் இதே விதிதான். மீதி 20 பேரைத் தேர்ந்தெடுக்க வேல்ஸ் ஐந்து வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது, வட்டாரத்துக்கு நால்வர். ஆகவே வாக்காளருக்கு இரண்டு வாக்குச் சீட்டுகள் இருந்தன: ஒன்று தொகுதி வேட்பாளருக்கு, மற்றது வட்டாரத்தில் ஒரு கட்சியின் பட்டியலுக்கு. பிளைனை குவென்ட் தென்கிழக்கு வேல்ஸ் வட்டாரத்தின் எட்டுத் தொகுதிகளுள் ஒன்றாக இருந்தது.

இரண்டாவது சீட்டின் கணக்கு

இரண்டாவது சீட்டு எதற்கு? தொகுதிகளில் ஒரே கட்சி அள்ளிச் சென்றால் பிற கட்சிகளுக்கு வாக்களித்தோர் குரலற்றுப் போவர். அக்குறையை ஓரளவு நீக்கவே இந்த ஏற்பாடு. பெல்ஜிய நாட்டுச் சட்ட அறிஞர் விக்டர் டி ஹாண்ட் என்பவர் வகுத்த முறைப்படி இது கணக்கிடப்பட்டது. விதி எளியது. ஒவ்வொரு கட்சியின் பட்டியல் வாக்கையும், அக்கட்சி அவ்வட்டாரத்தில் ஏற்கெனவே பெற்ற இடங்களோடு ஒன்று கூட்டி, அந்த எண்ணால் வகுக்க வேண்டும். எந்தக் கட்சியின் ஈவு பெரிதோ அதற்கு ஓர் இடம். இடம் பெற்ற கட்சியின் வகுக்கும் எண்ணில் ஒன்றைக் கூட்டி மீண்டும் வகுக்க வேண்டும். நான்கு இடமும் நிரம்பும் வரை இப்படியே செய்ய வேண்டும்.

கற்பனையான ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு வட்டாரத்தில் எட்டுத் தொகுதிகள். அவற்றில் 'அ' கட்சிக்கு ஏழு, 'ஆ' கட்சிக்கு ஒன்று. 'இ', 'ஈ' கட்சிகளுக்கு ஒன்றுமில்லை. பட்டியல் வாக்குகள் முறையே 80,000, 40,000, 32,000, 18,000 என்று கொள்வோம்.

முதல் சுற்று: அ: 80,000 ÷ 8 = 10,000. ஆ: 40,000 ÷ 2 = 20,000. இ: 32,000 ÷ 1 = 32,000. ஈ: 18,000 ÷ 1 = 18,000. இடம் 'இ' கட்சிக்கு.

இரண்டாம் சுற்று: 'இ'-யின் ஈவு 16,000 ஆகக் குறைகிறது. இப்போது பெரியது 'ஆ'-வின் 20,000. இடம் 'ஆ' கட்சிக்கு.

மூன்றாம் சுற்று: 'ஆ'-வின் ஈவு 13,333. பெரியது 'ஈ'-யின் 18,000. இடம் 'ஈ' கட்சிக்கு.

நான்காம் சுற்று: 'ஈ'-யின் ஈவு 9,000. பெரியது 'இ'-யின் 16,000. கடைசி இடமும் 'இ' கட்சிக்கே.

முடிவில் பன்னிரண்டு இடங்களில் அ 7, ஆ 2, இ 2, ஈ 1. பட்டியல் வாக்கில் 47 விழுக்காடு பெற்ற 'அ' கட்சி, தொகுதிகளை மட்டும் பார்த்தால் எட்டில் ஏழு இடங்களைப் பெற்றிருக்கும். பட்டியல் சேர்ந்ததும் அதன் பங்கு பன்னிரண்டில் ஏழாகிறது. தொகுதிகளில் வென்ற கட்சியைப் பட்டியல் தண்டிப்பதில்லை. ஆனால் அது மேலும் பெறாதபடி தடுக்கிறது.

இனி, 'அ' கட்சி தன் ஏழு தொகுதிகளில் ஒன்றை ஒரு சுயேச்சையிடம் இழப்பதாக வைத்துக் கொள்வோம். இப்போது 80,000-ஐ ஏழால் வகுக்க வேண்டும். ஈவு 11,428. நான்காம் சுற்றின் 16,000-ஐ அதனால் எட்ட முடியாது. இழந்த இடம் பட்டியல் வழியே திரும்பாது. இந்தக் கணக்கை நினைவில் வைத்துக் கொண்டு மேலே செல்வோம்.

கோட்டைக்குள் பிளவு

1999-இல் தேசியவாதக் கட்சியான பிளைட் கம்ரி பெருவளர்ச்சி கண்டது. அண்டைத் தொகுதியான இஸ்லுவினும், சுரங்கத் தொழிலாளரின் நெஞ்சம் எனப்பட்ட ரோந்தாவும் அதன் கைக்குப் போயின. பிளைனை குவென்ட் அசையவில்லை. அங்கே தொழிற்கட்சியின் பீட்டர் லா வென்றார். நெடுங்காலம் உள்ளாட்சியில் பணியாற்றிய இவர் புதிய அரசில் உள்ளாட்சி, வீட்டுவசதித் துறைக்குப் பொறுப்பேற்றார். 2000-இல் தொழிற்கட்சி லிபரல் டெமாக்ரட் கட்சியுடன் கூட்டணி சேர்ந்தபோது பதவியை இழந்தார். தொகுதியில் அவர் செல்வாக்கு குன்றவில்லை. 2003-இல் ஏறத்தாழ 70 விழுக்காடு வாக்குகளுடன் மீண்டும் வென்றார்.

இதற்கிடையே தொகுதியின் வாழ்வில் பேரிடி விழுந்திருந்தது. ஒரு காலத்தில் ஐரோப்பாவின் பெரிய எஃகு ஆலைகளுள் ஒன்றாக விளங்கிய எபு வேல் ஆலை 2002-இல் மூடப்பட்டது. சுரங்கங்கள் முன்னரே மூடிவிட்டன. தொழிலும் தொழிற்சங்கமும் கட்சியும் ஒன்றோடொன்று பின்னியிருந்த ஊரில், முதல் இழை அறுந்தது.

லண்டன் நாடாளுமன்ற உறுப்பினர் லெவ் ஸ்மித் ஓய்வு பெற முடிவு செய்தபோது, அடுத்த வேட்பாளரைப் பெண்கள் மட்டுமே கொண்ட பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கட்சித் தலைமை விதித்தது. நாடாளுமன்றத்தில் பெண்கள் மிகக் குறைவாக இருந்ததால் வகுக்கப்பட்ட ஏற்பாடு இது. 2002-ஆம் ஆண்டுச் சட்டம் இதனை அனுமதித்தது. உறுதியான தொகுதிகளில் இதனைப் பின்பற்றினால்தான் பலன் உண்டு என்பது தலைமையின் வாதம். எங்கள் வேட்பாளரை நாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது உள்ளூர் உறுப்பினர் பலரின் வாதம். இரு வாதங்களிலும் நியாயம் இருந்தது. சிக்கலின் வேர் வேறிடத்தில் இருந்தது. கோட்டைத் தொகுதியில் உண்மையான தேர்வு நடப்பது வாக்குச் சாவடியில் அன்று. கட்சி வேட்பாளரைத் தெரிவு செய்யும் அறையில். அந்த அறையின் கதவை மேலிடம் பூட்டிவிட்டதாக மக்கள் உணர்ந்தனர்.

பீட்டர் லா கட்சியை விட்டு வெளியேறி, 2005 மே மாத நாடாளுமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நின்றார். தேர்தல் காலத்திலேயே அவர் மூளையில் கட்டி இருப்பது கண்டறியப்பட்டு அறுவை மருத்துவம் செய்யப்பட்டது. முடிவு வந்தது: பீட்டர் லா 20,505, தொழிற்கட்சியின் மேகி ஜோன்ஸ் 11,384. வேறுபாடு 9,121. நான்கு ஆண்டுகளுக்கு முன் இதே தொகுதியில் தொழிற்கட்சியின் பெரும்பான்மை 19,313 என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால் கவிழ்ந்த கோட்டையின் அளவு விளங்கும்.

இதன் விளைவு வேல்ஸ் மன்றத்திலும் தெரிந்தது. 2003-இல் தொழிற்கட்சிக்குக் கிடைத்தவை 60-இல் 30 இடங்கள். மன்றத் தலைவரும் துணைத் தலைவரும் பிற கட்சியினர், அவர்கள் வாக்களிப்பதில்லை. எனவே 58-இல் 30 என்ற மெல்லிய பெரும்பான்மையோடு அரசு நடந்து வந்தது. லா வெளியேறியதும் அது 58-இல் 29 ஆயிற்று. சரிபாதி. பெரும்பான்மை போய்விட்டது. ஒரு பள்ளத்தாக்கின் கோபம் நாட்டின் அரசையே ஆட்டம் காணச் செய்தது.

ஒரே நாளில் இரண்டு தேர்தல்கள்

பீட்டர் லா 2006 ஏப்ரல் 25-ஆம் நாள் காலமானார். அவர் லண்டன் நாடாளுமன்றம், வேல்ஸ் மன்றம் இரண்டிலும் உறுப்பினராக இருந்தமையால், ஜூன் 29-ஆம் நாள் இரண்டு இடைத்தேர்தல்கள் ஒருங்கே நடந்தன. நாடாளுமன்றத்துக்கு, 2005 தேர்தலில் லாவின் முகவராக இருந்த டை டேவிஸ் சுயேச்சையாக நின்று 2,484 வாக்குகள் வேறுபாட்டில் வென்றார். வேல்ஸ் மன்றத்துக்கு லாவின் துணைவியார் டிரிஷ் லா சுயேச்சையாக நின்று 4,464 வாக்குகள் வேறுபாட்டில் வென்றார்.

இங்கே ஒரு விந்தையைக் குறிப்பிட வேண்டும். 2003-இல் தேர்வான வேல்ஸ் மன்றத்தில் ஆண்கள் 30, பெண்கள் 30. உலகில் இவ்வாறு சரிபாதி அமைந்த முதல் சட்டமியற்றும் மன்றம் அதுவே. டிரிஷ் லா வந்தபின் பெண்கள் 31, ஆண்கள் 29. பெண்களுக்கென ஒதுக்கிய பட்டியலை எதிர்த்தெழுந்த தொகுதிதான், மன்றத்தில் பெண்களுக்குப் பெரும்பான்மை தேடித் தந்தது. வாக்காளர் எதிர்த்தது பெண் வேட்பாளரை அன்று, மேலிருந்து வந்த கட்டளையை என்று இதற்குப் பொருள் கொள்ளலாம்.

2007 பொதுத்தேர்தலிலும் டிரிஷ் லா வென்றார். அப்போது நாம் மேலே போட்ட கணக்கு மெய்யாயிற்று. தென்கிழக்கு வட்டாரத்தில் தொழிற்கட்சிக்கு ஆறு தொகுதிகள், கன்சர்வேடிவ் கட்சிக்கு ஒன்று, சுயேச்சைக்கு ஒன்று. நான்கு பட்டியல் இடங்களில் பிளைட் கம்ரி இரண்டும், கன்சர்வேடிவ், லிபரல் டெமாக்ரட் கட்சிகள் ஒவ்வொன்றும் பெற்றன. தொழிற்கட்சிக்குப் பட்டியலில் ஒன்றுமில்லை. பிளைனை குவென்டில் இழந்ததை அது வேறு வழியில் ஈடுகட்ட முடியவில்லை. வேல்ஸ் முழுவதிலும் 26 இடங்களே பெற்ற தொழிற்கட்சி, அவ்வாண்டு பிளைட் கம்ரியுடன் கூட்டணி அமைத்தது.

திரும்பிய கோட்டையும் 650 வாக்குகளும்

தனி மனிதரைச் சுற்றி எழும் இயக்கம் அவருக்குப் பின் நிலைப்பது அரிது. 2010-இல் தொழிற்கட்சியின் நிக் ஸ்மித் 10,516 வாக்குகள் வேறுபாட்டில் டை டேவிஸை வென்றார். 2011-இல் டிரிஷ் லா போட்டியிடவில்லை. வேல்ஸ் மன்ற இடத்தைத் தொழிற்கட்சியின் அலுன் டேவிஸ் பெரும் வேறுபாட்டில் மீட்டார். புயல் ஓய்ந்தது என்றே பலரும் எண்ணினர்.

ஆனால் ஒருமுறை கட்சி மாறி வாக்களித்த கை மறுமுறை தயங்குவதில்லை. 2016-இல் அலுன் டேவிஸ் 8,442 வாக்குகள் பெற்றார். பிளைட் கம்ரியின் நைஜல் காப்னர் 7,792 பெற்றார். வேறுபாடு 650. இதனைப் பாதியாக்கிப் பாருங்கள். 325 பேர் முன்னவரை விட்டுப் பின்னவருக்கு வாக்களித்திருந்தால் இருவரும் சமம். 326 பேர் மாறியிருந்தால் முடிவே மாறியிருக்கும். அத்தேர்தலுக்குப் பின் மே 11-ஆம் நாள் முதலமைச்சரைத் தேர்ந்தெடுக்க மன்றத்தில் வாக்கெடுப்பு நடந்தபோது கார்வின் ஜோன்ஸுக்கு 29, லியான் வுட்டுக்கு 29 எனச் சமநிலை ஏற்பட்டது. பிளைட் கம்ரியுடன் உடன்பாடு கண்ட பின்னரே ஜோன்ஸ் பதவியேற்றார். பிளைனை குவென்ட் கைமாறியிருந்தால் பட்டியல் இடங்களின் கணக்கும் மாறியிருக்கும். ஆகவே இன்னதுதான் நடந்திருக்கும் என்று அறுதியிட முடியாது. ஆயினும், அத்தகைய மன்றத்தில் ஓர் இடத்தின் எடை எவ்வளவு என்பதை வாசகர்களே உணரலாம்.

2021-இல் அலுன் டேவிஸ் மீண்டும் வென்றார். பதினாறு, பதினேழு வயதினர் முதன்முறையாக வாக்களித்த வேல்ஸ் மன்றத் தேர்தல் அது.

தொகுதி மறைந்தது

2024-இல் நிறைவேறிய ஒரு சட்டம் இந்த அமைப்பை முற்றிலும் மாற்றியது. 2026 மே மாதத் தேர்தல் முதல் மன்றத்துக்கு 96 உறுப்பினர், 16 பெருந்தொகுதிகள், தொகுதிக்கு அறுவர். வாக்குச் சீட்டு ஒன்றே. அது கட்சிப் பட்டியலுக்கு, அல்லது தனியே நிற்கும் சுயேச்சைக்கு. ஆறு இடங்களும் டி ஹாண்ட் முறைப்படி பங்கிடப்படும். பிளைனை குவென்ட் தன் தனி உருவை இழந்து, கைர்ஃபிலி, ரம்னிப் பகுதிகளோடு ஒரே பெருந்தொகுதியாக இணைக்கப்பட்டது.

இதில் ஆதாயம் உண்டு. ஆறு இடங்களுள்ள தொகுதியில், வாக்கில் ஏழில் ஒரு பங்குக்கு மேல் பெறும் எவருக்கும் ஓர் இடம் உறுதி. நான்கு கட்சிகள் உள்ள ஊரில் மூன்று கட்சியினர் வாக்கு வீணாவது குறையும். 'கோட்டை' என்ற சொல்லே பொருளிழக்கும்.

இழப்பும் உண்டு. பட்டியலில் பெயர்களின் வரிசையைக் கட்சியே முடிவு செய்கிறது. வாக்காளர் அதனை மாற்ற முடியாது. ஓர் உறுப்பினர் இறந்தாலோ விலகினாலோ இடைத்தேர்தல் இல்லை. அதே பட்டியலில் அடுத்தவர் வருவார். அவர் சுயேச்சையாயின் அடுத்த பொதுத்தேர்தல் வரை இடம் காலியாகவே இருக்கும். 2006 ஜூன் 29-ஆம் நாள் நடந்தது போன்ற ஒன்று இம்மன்றத்துக்கு இனி நடக்க வழியில்லை. பீட்டர் லாவைப் போல் ஓர் ஊரின் செல்வாக்கை மட்டும் நம்பி நிற்பவர், மூன்று மடங்கு பரந்த பகுதியில் ஆதரவு தேட வேண்டும். தமக்குரிய ஓர் இடத்துக்கு மேல் அவர் எத்தனை ஆயிரம் வாக்குப் பெற்றாலும் அவற்றால் பயனில்லை.

தேர்தல் முறை என்பது ஓர் அளவுகோல். மக்களின் விருப்பத்தை அது அளக்கிறது. ஆனால் எல்லா அளவுகோலையும் போல், எதனை நுட்பமாக அளப்பது, எதனை விட்டுவிடுவது என்பது அதன் அமைப்பிலேயே அடங்கியுள்ளது. ஒற்றை உறுப்பினர் முறை ஓர் ஊரின் சினத்தைத் துல்லியமாகக் காட்டியது. சிறு கட்சிகளின் வாக்கைக் காட்டத் தவறியது. பட்டியல் முறை கட்சிகளின் பலத்தைத் துல்லியமாகக் காட்டும்; ஊரின் சினத்தை அவ்வளவு கூர்மையாகக் காட்டாது. குறையற்ற முறை எதுவுமில்லை. எந்த முறையாயினும், வேட்பாளர் யார் என்பதை முடிவு செய்யும் இடத்தில் தங்களுக்கும் பங்கு வேண்டும் என்று மக்கள் கேட்பார்கள். கேட்டும் கிடைக்காதபோது எந்தக் கோட்டையும் நிலைக்காது என்பதை இந்தச் சிறு பள்ளத்தாக்குத் தொகுதி 2005-இல் காட்டியது.